அள்ளிக் கொஞ்சும் வள்ளல்கள்

முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தான் பேகன். குளிருகிறதா என்று மயிலிடம் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கடையெழு வள்ளல்களின் கணக்கு ஆறோடு நின்றுபோயிருக்கும். அந்தப் பரம்பரை அற்றுப்போய்விட்டது என்று நம்மவர்கள் வருந்துவது வீண். லண்டனிலும் பாஸ்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அது செழித்துக்கொண்டிருக்கிறது. பள்ளி முடிந்து கல்லூரி தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் பத்தொன்பது வயதுப் பேகன்கள் விமானம் ஏறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். எச்.ஐ.வி.யால் பெற்றோரை இழந்த குழந்தைகளின் இல்லத்தில் இரண்டு வாரமோ நான்கு வாரமோ அன்பு செலுத்துகிறார்கள். அப்படியே சஃபாரிக்கும் போய்ச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். குழந்தை முதலா சிங்கம் முதலா என்பது அவரவர் பேக்கேஜைப் பொறுத்தது.

இவர்களுடைய பெருந்தன்மைக்கு முதல் அத்தாட்சி, வேலை செய்வதற்கு இவர்களே காசு கொடுப்பது. நம்மூர்ச் சித்தாள் எவராவது மேஸ்திரியிடம் போய், "ஐயா, நான் கலவை போட்டதில்லை, கரண்டி பிடித்ததில்லை, இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விடுவேன், இந்தாருங்கள் லட்ச ரூபாய், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதுண்டா? டான்சானியாவில் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவியர் குழு ஒன்று அங்கே ஓர் அனாதை இல்லத்துக்குப் போய் நூலகம் கட்ட உதவியது. பகலெல்லாம் பெண்கள் செங்கல் அடுக்கினார்கள். இருட்டியதும் உள்ளூர் ஆட்கள் வந்து, கோணலாக நின்றதைப் பிரித்து, நேராகக் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் எழுந்து வந்தவர்களுக்குச் சுவர் ஒழுங்காகவே தெரிந்தது. அந்தக் குழுவில் இருந்த பிப்பா பிடில் என்பவர் 2014-ல் இதைக் கட்டுரையாக எழுதிப் போட்டு உடைத்துவிட்டார். என்ன அவசரமோ! ஒரே சுவரை இரண்டு முறை கட்ட வைத்து, உள்ளூர்க்காரர்களுக்கு ராத்திரி வேலையும் பகலில் பேசிச் சிரிக்க ஒரு விஷயமும் கொடுத்த தொண்டு அது. அதைப் போய்க் குறை சொல்வார்களா?

குழந்தைகளுக்கும் இதே கைராசிதான். ராத்திரி வந்து பிரித்துக் கட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனில் ஒரு மழலையர் காப்பகத்தில் வேலைக்குப் போவதென்றால் போலீஸ் சான்று, பயிற்சி, மேற்பார்வை என்று ஆயிரம் கெடுபிடி. மூன்று வயதுக் குழந்தையைக் கழிவறைக்கு அழைத்துப் போகக்கூட விதிமுறை உண்டு. இப்படி முடக்கி வைக்கப்பட்ட திறமை, கடல் தாண்டியதும் விடுதலை பெறுகிறது. தென்னாப்பிரிக்காவிலும், குழந்தைகளோடு வேலை செய்ய வருகிறவர் பெயர் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் குற்றப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாகவேண்டும் என்று சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பணம் கட்டிவிட்டு, டீ-ஷர்ட்டில் அன்பு என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பவரிடம் போய் அதையெல்லாம் கேட்பதற்கு எல்லா இல்லக்காரருக்கும் மனசு வருமா?

அங்கே கிடைக்கும் வரவேற்பைச் சொல்லவேண்டும். வேன் நின்ற உடனே மூன்று வயதும் நான்கு வயதுமாக ஒரு கூட்டம் ஓடிவரும். பெயர்கூடக் கேட்காது. ஒன்று காலைக் கட்டிக்கொள்ளும், ஒன்று இடுப்பில் ஏறிக்கொள்ளும், ஒன்று பொன்னிற முடியைப் பின்னத் தொடங்கிவிடும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த நாகரிகம் போதாது. எட்டாம் மாதம் வேற்றுமுகம் பார்க்க ஆரம்பித்தால், சொந்தச் சித்தப்பா கை நீட்டினாலும் வீலென்று அலறி அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். யார் தன் ஆள், யார் அயல் ஆள் என்று அதற்குத் தெரிந்துபோனதால் வந்த வினை. இல்லத்துக் குழந்தைக்கு அந்தக் குறுகிய மனப்பான்மை கிடையாது. சித்தப்பாவும் அதற்கு ஒன்றுதான், நேற்று வந்த பாஸ்டன்காரரும் ஒன்றுதான்.

"முதல் நாளே என்மேல் உயிரை வைத்துவிட்டார்கள்" என்று வள்ளல்கள் அன்றிரவே வீட்டுக்கு எழுதுகிறார்கள். லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்ற இரு ஆய்வாளர்கள்தான் இந்த மகிழ்ச்சியில் மண்ணைப் போட்டார்கள். 2010-ல் இதற்கு 'எய்ட்ஸ் அனாதைச் சுற்றுலா' என்றே பெயர் வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்டவரிடமெல்லாம் ஒட்டிக்கொள்வது பாசத்தின் பெருக்கம் அல்ல, பாசம் வைக்க நிலையாக ஓர் ஆள் இல்லாமல் வளர்வதால் வருவது. ஒட்டிக்கொண்ட ஆள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருந்தால் புண் இன்னும் ஆழமாகும் என்பது அவர்கள் வாதம். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000-ல் தொடங்கி, இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். இரண்டு வயதுக்கு முன்னால் ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் வைத்த பிள்ளைகள் இல்லத்தில் தங்கிவிட்ட பிள்ளைகளைவிட நன்றாகத் தேறினார்களாம். குடும்பம் என்றால் என்ன பெரிய அதிசயம்? தினமும் அதே முகம். நான்கு வாரத்துக்கு ஒரு குழு மாறினால் ஆண்டுக்குப் பதின்மூன்று புதிய முகங்கள், பதின்மூன்று பிரிவுகள். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போவதற்குள் அறுபத்தைந்து வழியனுப்பு விழாக்களில் பாடி முடித்திருக்கும். இத்தனை அனுபவத்தை எந்தப் பள்ளியும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வள்ளல்கள் பெருகுகிறார்களே, அத்தனை பேருக்கும் போதுமான அனாதைகள் உண்டா என்ற கவலை நியாயமானது. கவலை வேண்டாம். கணக்கெடுப்பே இந்த விஷயத்தில் தாராளமானது. 2003 வாக்கில் உலகத்தில் ஒன்றரைக் கோடி எய்ட்ஸ் அனாதைகள் என்று ஐ.நா. அமைப்புகள் சொன்னபோது, பதினெட்டு வயதுக்குள் தாயோ தகப்பனோ ஒருவரை இழந்த குழந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தி. மற்றவர் அடுத்த அறையில் சோறு பொங்கிக்கொண்டிருக்கலாம். அப்பா, அம்மா இரண்டு பேருமே போனாலும் பாட்டி இருப்பாள், பெரியம்மா இருப்பாள், மூத்த அக்கா இருப்பாள். இதெல்லாம் விளம்பரப் படத்தில் இடம்பெறாத உறவுகள். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளில், மருந்தே கொடுக்காத காலத்திலும், பாதிப் பேருக்கு மேல் அந்தக் கிருமி இல்லாமல்தான் பிறந்து வளர்ந்தார்கள் என்பதும் அப்படித்தான். அதைச் சொல்லி வள்ளல்களின் உருக்கத்தைக் குறைப்பானேன்?

அப்படியும் தட்டுப்பாடு வந்தால் சந்தை பார்த்துக்கொள்ளும். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் அனாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று 2011-ல் யுனிசெஃப் உதவியோடு செய்த ஆய்வு சொன்னது. அனாதைகள் குறையக் குறைய இல்லங்கள் கூடுவது பொருளாதாரப் புத்தகத்தில் இல்லாத அற்புதம். படிப்பு கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லி ஏழைத் தாயிடமிருந்து பிள்ளையை வாங்கிவந்து, வாசலில் அனாதை இல்லம் என்று பலகை மாட்டினால் வேலை முடிந்தது. வருகிற வள்ளல் ஏமாந்து திரும்பக்கூடாது அல்லவா?

தென்னாப்பிரிக்காவில் பெற்றோர் போன பிள்ளைகளில் பெரும்பாலோரை வளர்த்தது இல்லங்கள் அல்ல, பாட்டிகள். ஸூலு மொழியில் 'கோகோ' என்பார்கள். மகளையும் மருமகனையும் புதைத்துவிட்டு வந்து, அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளையும், கூடவே இன்னொரு மகள் விட்டுப்போனதையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டு, தன் முதியோர் உதவித்தொகையில் சோளமாவு வாங்கிக் களி கிண்டிப் போட்டவள் அவள். இவளுக்குத் தொண்டு செய்யத் தெரியாது. பயிற்சி இல்லை, டீ-ஷர்ட் இல்லை, போய்வந்த அனுபவத்தை எழுதவும் வழியில்லை, ஏனென்றால் எங்கும் போவதில்லை. பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகை என்று அந்த நாட்டு அரசு 1998-ல் ஒன்றை ஆரம்பித்தது. 2024-ல் அது ஒரு பிள்ளைக்கு 530 ராண்ட், முப்பது டாலருக்கும் குறைவு. வள்ளல் ஒருவரின் விமான டிக்கெட், கட்டணம், தடுப்பூசி, சிங்கம் எல்லாம் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அதை அப்படியே கோகோவிடம் கொடுத்திருந்தால் நாலைந்து பிள்ளைகள் ஒரு வருஷம் இல்லத்துக்கே போகாமல் பாட்டியிடம் வளர்ந்திருப்பார்கள் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மடியில் போட்டுக் கொஞ்சக் கிடைக்காத பிள்ளைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கணக்குத் தெரிந்தவர்களுக்கு மனித மனம் தெரிவதில்லை.

இல்லத்திலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களையும் நான் புகழமாட்டேன். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மருந்து ஊட்டும் ஆயாக்கள். அண்மைக்காலம்வரை பெரிதும் கொடுத்துவந்த லோபினாவிர்-ரிட்டோனாவிர் என்ற பாகு மருந்து வாயில் வைக்க முடியாத கசப்பு. அதனால் ஆயா முதலில் ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெயை நாக்கில் தடவுவார். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் அளவு பார்த்து இழுத்து, குழந்தையின் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுவார். விழுங்கியதும் மறுபடி வெண்ணெய். அதன்பிறகு அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. அடிக்கடி வேளை தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. இது ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கிறிஸ்துமஸுக்கும் உண்டு, வள்ளல்கள் ஊருக்குப் போன மறுநாளும் உண்டு. இதில் கவர்ச்சியாக எதுவும் இல்லை. குழந்தை அழுகிறது, உமிழ்கிறது, ஆயாவைக் கடிக்கிறது. படம் எடுத்தால் பார்க்க நன்றாக இருக்காது. வள்ளல்கள் எட்டரை மணிக்கு, பலூனோடு வருவதுதான் சரி. இந்த ஆயா வேலையை உள்ளூர்ப் பெண் ஒருத்தி சம்பளத்துக்குச் செய்ய முடியும். அந்த ஊர்களில் வேலையில்லாத இளம்பெண்கள் ஏராளம். ஆனால் காசு கேட்கும் ஆளும் காசு கொடுக்கும் ஆளும் வாசலில் நின்றால் எந்த நிர்வாகி யாரை உள்ளே விடுவார்?

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் 133-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தைக்கு எச்.ஐ.வி. இருப்பதை உரிய ஒப்புதல் இல்லாமல் யாரும் வெளியே சொல்லக்கூடாது என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக்கூடாது, வாத்தியார் சொல்லக்கூடாது, நர்ஸ் சொல்லக்கூடாது. சட்டம் எழுதியவர்கள் பேஸ்புக் வள்ளல்களை மனதில் வைத்து எழுதவில்லை போலிருக்கிறது. குழந்தையின் முகம், இல்லத்தின் பெயர், ஊரின் பெயர், கீழே "எச்.ஐ.வி.யோடு போராடும் என் குட்டி வீரன்" என்று ஒரு வரி, இருநூறு பேர் இதயம் போடுகிறார்கள். அந்தக் குட்டி வீரன் பதினேழு வயதில் வேலை தேடிப் போகும்போதும் அந்தப் படம் அங்கேயே பத்திரமாக இருக்கும். படம் போட்டபோது அவனுக்கே தன் நோயைப் பற்றி முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். வயதுக்குத் தக்கபடி, மெள்ள மெள்ளத்தான் சொல்லவேண்டும் என்று மருத்துவர்கள் இழுத்தடிப்பார்கள். வள்ளல் அந்தச் சுமையையும் இறக்கிவைத்துவிட்டார்.

இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் கெடுதல் செய்தவர்கள் என்று பார்த்தால் வேறு சிலர். யூசுஃப் ஹமீது என்று பம்பாய்க்காரர் ஒருவர், சிப்லா கம்பெனியின் அன்றைய தலைவர். எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தபோது, 2001 பிப்ரவரியில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. இந்த வேலைக்காக அவர் எந்த இல்லத்துக்கும் போய் எந்தக் குழந்தையையும் மடியில் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கவில்லை. அடுத்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் சிகிச்சைச் செயல் இயக்கத்தார். கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் என்ற மருந்தைக் கொடு என்று தங்கள் அரசின்மீதே வழக்குப் போட்டு, 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2004-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகளிலேயே கூட்டு மருந்து தரத் தொடங்கினார்கள். விளைவு என்ன? குழந்தைகள் கிருமி இல்லாமல் பிறக்கத் தொடங்கின. அதைவிட மோசம், அம்மாக்கள் சாகாமல் இருக்கத் தொடங்கினார்கள். தாய் உயிரோடு இருந்து, தானே மாத்திரை போட்டுக்கொண்டு, தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அனாதை எங்கிருந்து வருவான், வள்ளல் யாரைத் தூக்குவார்? ஏழைகளின் வயிற்றில் அடிப்பது கேள்விப்பட்டதுண்டு. வள்ளல்களின் வயிற்றில் அடித்தவர்கள் இவர்கள்.

நிகோசி ஜான்சனும் இந்தப் பட்டியலில் வரவேண்டியவன். பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்தவன். பெற்றவளால் பார்த்துக்கொள்ள முடியாமல் போக, கேல் ஜான்சன் என்ற பெண்மணி எடுத்து வளர்த்தார். 1997-ல் அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு தொடக்கப்பள்ளியில் தகராறு வந்து, நாடே பேசியது. 2000 ஜூலையில் டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழா மேடையில், அளவுக்குப் பெரிய கோட்டு போட்டுக்கொண்டு பேசினான். பதினோரு வயது. கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள் என்று அரசிடம் கேட்டான். தாயையும் பிள்ளையையும் பிரிக்காதீர்கள் என்றான். அவன் பெயரில் ஜோகன்னஸ்பர்க்கில் உருவான இல்லம், எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்தே இருப்பதற்கென்று தொடங்கியது. ஆயிரக்கணக்கான அறிஞர்கள் கூடியிருந்த சபையில், முகத்துக்குச் சாயம் பூசிவிட அக்காமார்களை அனுப்புங்கள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2001 ஜூன் 1-ஆம் தேதி, பன்னிரண்டு வயதில் போய்ச் சேர்ந்தான். சின்னப் பையன், தனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்!

அரசாங்கங்களுக்கும் நன்றி என்பது மருந்துக்கும் இல்லை. புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்யா 2017-ல் நிறுத்தி வைத்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகள் பற்றிய தீர்மானத்தில், அனாதை இல்லங்களுக்குத் தொண்டு, சுற்றுலா என்று போவதால் வரும் தீங்கையும் எடுத்துச் சொன்னது. உலகத்து நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கோடை விடுமுறையைக் கெடுத்த நிகழ்ச்சி வரலாற்றில் இதற்கு முன் உண்டா தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து போய் வேறுவிதமாக இருந்தவர்களும் உண்டு, அவர்களை இங்கே சேர்க்கமுடியாது. குழந்தை மருத்துவர்கள், நர்சுகள், ஆய்வகக்காரர்கள். வருஷக்கணக்கில் தங்கி உள்ளூர் மொழி கற்றுக்கொண்டு, உள்ளூர் ஆட்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, குழந்தைகளுக்கு முகம்கூடத் தெரியாமல் திரும்பிப் போனவர்கள். வள்ளல் பட்டத்துக்கு இவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

இந்த வருஷம் புறப்பட நினைக்கும் பெருந்தகையோருக்கு ஒன்று சொல்லவேண்டும். படிவத்தில் உங்களைப் பற்றிக் கேட்டிருப்பதற்குப் பதில் எழுதுங்கள். நீங்கள் எதையும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். நான் கட்டும் பணத்தில் ஆயாவின் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்காதீர்கள். பிள்ளையைப் பாட்டியிடமே விட்டால், மாதாமாதம் கிளினிக்குக்கு வந்துபோக டாக்ஸிக் காசு எவ்வளவு ஆகும், அதை மட்டும் நான் கட்டிவிடலாமா என்று தப்பித்தவறியும் கேட்காதீர்கள். கேட்டவர்களில் பலருக்குப் பயணமே வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. கட்டிய முன்பணமோ பெரும்பாலும் திரும்பி வராது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்துவிடுங்கள்.